தம்பிக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படத்தை மட்டும் திருப்பி அனுப்புவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். மெதுவாகவே வாசி, அவசரமில்லை.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. 75 வயது வரை டாக்ஸி ஓட்டலாம் என்று விதியே இருக்கும்போது நான் ஏன் நிறுத்த வேண்டும் என்கிறார். அத்தை வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்திருக்கிறது, விவரம் நேரில் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, பாப்பாவுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்று கேட்க உன்னைக் கூப்பிட்டேன். மணி இரண்டே முக்கால். மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் பேசுகிறேன் என்றாய். உனக்குப் பின்னால் காப்பிக்கடை ஆண்ட்டி ஒருத்தி "தே ஓ கோசோங், கோப்பி சி" என்று சத்தமாகச் சொன்னாள். சரிப்பா என்று வைத்துவிட்டேன். நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

காலையில் பசியாறுகிறாயா? வெறும் காப்பியைக் குடித்துவிட்டு மதியம் வரை இருக்காதே. பொங்கலுக்கு வந்தபோது உன் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. பையும் லேசாக இருந்தது. நான்தான் அதை நாற்காலியிலிருந்து எடுத்து வைத்தேன். என் கைப்பேசியைச் சரிசெய்ய நீ எடுத்தது அந்தப் பழைய லேப்டாப், ஓரத்தில் டேப் ஒட்டியது. ஆபீஸ் லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வந்தபோது, எங்கள் டிபார்ட்மெண்டையே வேறு நாட்டுக்கு மாற்றப் போகிறார்களாம் அம்மா என்று சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. எப்போதும் உன் மேனேஜரைப் பற்றி ஏதாவது குறைசொல்வாய், அதுவும் நின்றுவிட்டது.

நம் புளோக்கில் நாலாவது மாடிப் பையனுக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. அவன் அம்மா லிஃப்டில் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம் வரை கணக்குப் போட்டுக் கொடுப்பது வழக்கமாம். வழக்கம்தான், சட்டம் இல்லை, கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். 2025-லிருந்து, வேலை போனவர்களுக்கு அரசாங்கம் ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கொடுக்கிறது. மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கியவர்களுக்கு அது கிடையாது. அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை. புதிதாகத் தொழில் படிக்க ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் அரசாங்கம் கொடுக்கும் 4,000 வெள்ளியும் நாற்பது வயது ஆனால்தான். அவனுக்கு உன் வயது, முப்பத்தெட்டு. நடுவில் மாட்டிக்கொண்டான் பாவம். ஆனால் அவன் பெண்டாட்டியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டானாம். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மருமகளிடம் எதையும் மறைக்காதே. அவள் நல்ல பெண். வெளியே தெரியாவிட்டாலும் தைரியசாலி.

பொங்கோல் வீட்டுக்குச் சாவி வாங்கும்போது, சிபிஎஃப் சேமநிதியில் வீட்டுக்கு எடுக்கும் ஓஏ கணக்கில் இருப்பதை எல்லாம் வழித்துப் போடாதே, 20,000 வெள்ளி விட்டு வைக்கலாம் என்கிறார்கள், விட்டு வை என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உனக்கு எரிச்சல் வந்தது. சம்பளம் வராத மாதம் சிபிஎஃப்-பும் வராது, ஆனால் வீட்டுத் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அந்தப் பணம் இருக்கும்வரை கொஞ்சம் மூச்சு விடலாம். 1985-ல் எங்கள் அசெம்பிளி லைனை மூடியபோது எனக்கு 25 வயது. மறு வருடம் முதலாளிகள் கட்டும் சிபிஎஃப்-ஐ 25 விழுக்காட்டிலிருந்து 10-க்கு இறக்கினார்கள். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. உன்னிடம் அடிக்கடி பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதுதான் காரணம். எங்களிடம் ஒரு வெள்ளி கேட்காமல் அந்த வீட்டை வாங்கினாய் என்று டெக்காவில் மீன் வாங்கும் இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். கேட்கத் தெரியாத பிள்ளையாக வளர்ந்துவிட்டாய்.

தாத்தா கதை உனக்குத் தெரியும். பாட்டி சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் உன்னிடம் நான் சொன்னதில்லை. 1968 ஜனவரியில், படைகளை எல்லாம் 1971-க்குள் எடுத்துவிடப் போகிறோம் என்று பிரிட்டிஷ்காரன் அறிவித்தான். செம்பவாங் நேவல் பேஸில் நம் ஆட்கள் எத்தனை குடும்பம்! வேலை, குவார்ட்டர்ஸ், பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த வேலிக்குள். தாத்தா அன்று சாயங்காலம் வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்து, வேலை இருக்காது போலிருக்கு என்றாராம். பாட்டி கையில் ஆறு மாதப் பிள்ளை. "சரி, கையைக் கழுவிட்டு வாங்க, முதல்ல சாப்பிடலாம்" என்றாராம் பாட்டி. அவ்வளவுதான். அப்புறம் அந்த டாக்யார்டே செம்பவாங் ஷிப்யார்டாக மாறி, ஸ்டோரில் சாமான் எண்ணிக்கொண்டிருந்த தாத்தா நாற்பது வயதுக்கு மேல் வெல்டிங் கற்றுக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமான புதிதில் பாட்டி இதைச் சொன்னார். கேட்டுத் தலையாட்டியவள்தான் நான்.

2001-ல் அப்பாவுக்கு டிஸ்க் டிரைவ் ஃபேக்டரியில் வேலை போனது. நீ செகண்டரி இரண்டு. சேஃப்டி ஷூவை என்டியுசி கடை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வராமல் நின்றார். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒரு வேலையைக் காப்பாத்திக்கத் துப்பில்லை" என்றேன். நீ சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை, பென்சில் மட்டும் நின்றது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உறவுக்காரர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். பிறகு அவர் டாக்ஸி லைசென்ஸுக்குப் படித்தார். ராத்திரி நீதான் ஸ்ட்ரீட் டைரக்டரியை விரித்து வைத்துக்கொண்டு அவரைக் கேள்வி கேட்பாய். "ஈஸ்ட் கோஸ்ட்டில் ஏறின ஆள் புக்கிட் பாஞ்சாங் போகணும்பா, எப்படிப் போவீங்க?" "பிஐஇ விரைவுச்சாலை பிடிச்சு பிகேஇ." "சரி, பிஐஇ-யில் ஜாம் என்றால்?" இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற மாதிரி நான் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருப்பேன். ஒரு நாள்கூட வந்து உட்காரவில்லை.

பள்ளிக்கூடத்தில் உதவிநிதிக்குப் படிவம் கொடுத்தார்கள். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் நீ "டாக்ஸி ஓட்டுநர்" என்று அழகாக எழுதி வைத்திருந்தாய். நான் வெள்ளை மையைப் பூசி, காயும்வரை ஊதி, அதன்மேல் "டெக்னீஷியன்" என்று எழுதினேன். கேட்டால் இப்படியே சொல் என்றும் சொன்னேன். நீ படிவத்தையும் என்னையும் பார்த்தாய். எதுவும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். டெக்னீஷியன் சம்பளம் என்று நினைத்தார்களோ என்னவோ, உதவிநிதி வரவில்லை. அதை விடு.

தம்பி, இருபத்தைந்து வருடமாக இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தக் காப்பிக்கடைச் சத்தம் கேட்டதிலிருந்து எனக்கு அந்த வெள்ளை மை வாசனைதான் மூக்கில் நிற்கிறது. வேலை போனால் அதை வீட்டில் சொல்லக் கூடாது என்று பதினாலு வயதுப் பிள்ளைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீ நல்ல மாணவன், சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. கொஞ்சம் இருந்தது, எழுத எழுதப் போய்விட்டது.

நேற்று ராத்திரி அப்பாவிடம் அந்தச் சேஃப்டி ஷூ எங்கே என்று கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்றார். அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஸ்டோர் ரூமில்தான் இருக்கு" என்றார். பார்த்தேன், இருக்கிறது. அதே பையில்.

பாப்பாவுக்கு முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடு. நீ காலையில் பசியாறாமல் இருக்காதே, இதை முன்னாலேயே சொல்லிவிட்டேன், பரவாயில்லை. போன தடவை மீன் குழம்பு கொடுத்தனுப்பிய நீல மூடி டப்பா உன்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டு வா. சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டாம், காலை பதினொரு மணிக்கு வந்தாலும் வா. அப்பாவும் அன்று டாக்ஸியை எடுக்கப் போவதில்லை என்கிறார். வந்தவுடன் கையைக் கழுவிவிட்டு உட்கார், சாப்பாடு தயாராக இருக்கும்.

அன்புடன்,
அம்மா