கேமரா பேக்கை ஏசி ரூம்ல வச்சுப் பூட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் வரிசையா வருது, டெல்டா பக்கம் மண்டபம் நடத்துறவங்களும் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் படிக்கட்டும்னுதான் இத எழுதுறேன். ராத்திரி ரிசப்ஷன் முடிஞ்சதும் "பத்திரமா இருக்கட்டும் தம்பி"ன்னு எங்க கேமரா பேக்கை வாங்கி மாப்பிள்ளை ரூம்ல வச்சுப் பூட்டிடுறாங்க, நல்ல மனசுதான், ஆனா அங்க ஏசி விடிய விடிய 20ல ஓடுது. காலைல அத அப்படியே தூக்கிட்டு மேடைக்கு ஓடினா லென்ஸ் முழுக்க வெள்ளையா பூத்துக்கும். தானா ஃபோகஸ் பிடிக்குற ஆட்டோஃபோகஸ் முன்னாடி பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், லாக் ஆகாது, லாக் ஆகலன்னா சில மோட்ல ஷட்டரே விழாது, அங்க நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குப் போயிடுவார்!

இது கேமரா கோளாறே இல்லீங்க. 30 டிகிரி வெயில்ல காத்துல ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தா, சுமார் 26 டிகிரிக்குக் கீழ இருக்குற எந்தப் பொருள் மேலயும் தண்ணி படியும். மழைக்காலத்துல வயலெல்லாம் தண்ணி நிக்குற நம்ம ஊர்ல இதுக்குக் கேக்கவே வேணாம். ஃபோகஸ் பிடிக்க கேமராவுக்குப் பொருளோட ஓரம் தெளிவா தெரியணும், பனி மூடினா கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், போயிடும், அது என்ன செய்யும் பாவம். இதத் தெரியாம ஃபோகஸ் மோட்டார் போச்சுன்னு சர்வீசுக்குத் தூக்கிட்டு ஓடுற பசங்க இருக்காங்க.

வேட்டி முனைல துடைக்குறதும் வேலைக்காவாது, கிளாஸ் இன்னும் சில்லுன்னுதான இருக்கு, துடைச்ச கையோட திரும்பப் பூக்கும். லென்ஸ் முன்னாடி மாட்டுற யூவி ஃபில்டர் கண்ணாடி போட்டிருந்தா ஃபில்டருக்கும் லென்சுக்கும் நடுவுலயும் மூடிக்கும், வெளிய எவ்வளவு துடைச்சாலும் படம் புகையாத்தான் வரும், அதக் கழட்டிப் பாருங்க. பனி இருக்கும்போது லென்ஸ் மட்டும் மாத்தாதீங்க, ஈரக்காத்து நேரா உள்ள படம் பதியுற சென்சார்ல போய் உக்காரும். ஹேர் டிரையரும் வேணாம்.

ஏசி ரூம்ல இருக்கும்போதே கேமராவ ஒரு பாலிதீன் கவர்ல போட்டு இறுக்கி மூடிட்டு, அரைமணி முக்கால் மணி முன்னாடியே வெளிய கொண்டுவந்து திறக்காம வைங்க, படியுற தண்ணி கவர் மேலயே படிஞ்சுடும். கோடியக்கரைக்குப் பறவை எடுக்க கார்ல வர்றவங்களும் இறங்குறதுக்கு முன்னாடியே ஏசிய நிறுத்திட்டு கண்ணாடிய இறக்கிவிடுங்க. (அங்க உச்சி வெயில்ல உப்பளத்துக்கு மேல தூரத்துப் பறவை எல்லாமே மங்கலா வரும், அது கானல், பனி இல்ல, லென்ச திட்டாதீங்க.)

நல்லா காஞ்ச பிறகும் ஃபோகஸ் தடுமாறினா லென்ஸ் மாட்டுற இடத்துல இருக்குற தங்க நிறப் புள்ளிகள காஞ்ச துணியால துடைச்சு, வேற லென்ஸ் ஒண்ணு போட்டுப் பாருங்க. லென்சுக்கு உள்ளயே ஈரம்னா பேட்டரி, கார்டு எல்லாம் எடுத்துட்டு, காத்துப்புகாத டப்பால ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட ஓரிரு நாள் வைங்க. நெற்களஞ்சியம்ங்கறதுக்காக அரிசி மூட்டைல புதைக்காதீங்க, தூசுதான் ஏறும். ஈரத்த அப்படியே விட்டா பூஞ்சை பிடிக்கும், அப்புறம்தான் நெஜமான செலவு.

மண்டபத்துக்காரங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான், ஏசி இல்லாத இடத்துல பூட்டு போட்ட ஒரு அலமாரி எங்களுக்கு ஒதுக்கிக் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராபர்,
மயிலாடுதுறை