செவ்வாய்க்கிழமை நாலு மணி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல தனியா இருக்குற வயசானவங்களைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன், டிவி, வாக்கிங், செல்போன், முதியோர் இல்லம்னு எல்லாம் இருந்துச்சு, சாமி கும்பிடுறதைப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுதேன். எனக்கு 71 வயசு, தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு, ஊரு பாளையங்கோட்டை. வீட்டுக்காரி தவறி 3 வருஷம் ஆச்சு. பையன் துபாய், பொண்ணு பெங்களூரு. நல்ல பிள்ளைங்கதான், குறை சொல்ல வரல.

தனியா இருந்தா ராத்திரிதான் கஷ்டம்னு எல்லாரும் நினைக்காங்க. எனக்கு ராத்திரி பரவாயில்ல, மாத்திரை போட்டா தூக்கம் வந்துரும். அரை டம்ளர் அரிசியைப் போட்டா குக்கர் அடியில காந்திப் போகுது பாருங்க, அதுதான் கஷ்டம். அப்புறம் தொண்டை. காலையில இருந்து ஒருத்தர்ட்டயும் பேசாம கிடந்துட்டு பதினோரு மணிக்கு கேஸ்காரத் தம்பி போன் பண்ணினா சத்தம் வெளிய வராது, கம்மிப் போயிருக்கும், "தாத்தா உடம்பு சரியில்லையா"ன்னு கேக்கான். அன்னைல இருந்துதான் ஜெபத்தை மனசுக்குள்ள பண்ணாம வாய்விட்டுப் பண்ணுதேன். அஞ்சு மணிக்கு எந்திச்சு ஒரு பாமாலைப் பாட்டு, பைபிள்ல இருந்து ஒரு சங்கீதம், இயேசு சொல்லிக்குடுத்த பரமண்டல ஜெபம். பக்கத்து வீட்டு நாய் மொதல்ல குரைச்சுது, இப்ப பழகிட்டு. அந்த ஜெபத்துல "எங்கள் பிதாவே", "எங்களுக்கு வேண்டிய ஆகாரம்"னுதான் வரும், ஒத்தையில நின்னு சொன்னாலும் "என்"னு ஒரு இடத்துலயும் கிடையாது. அறுபது வருஷமா சொல்லுதேன், அவ போன பிறகுதான் அது காதுல விழுந்துச்சு.

ஆனா ஒண்ணு, எங்க ஆளுங்க மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது ஒருத்தர்ட்ட வாய்தவறி "வீட்டுக்குப் போகவே பிடிக்கல"ன்னுட்டேன், அவரு "இயேசு கூட இருக்கும்போது என்ன அண்ணாச்சி தனிமை, விசுவாசத்துல குறையுதே"ன்னு சொல்லிட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு வாரம் அது நெஞ்சுல முள்ளா கிடந்துச்சு. பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் தன் சிஷ்யன் தீமோத்தேயுவுக்கு ரெண்டாவது தரம் எழுதின நிருபத்துல, கடிதம்தான், கடைசி அதிகாரம் இருக்குல்லா, மனுஷன் ரோமாபுரி ஜெயில்ல கிடக்காரு, எல்லாரும் கைவிட்டுட்டாங்க, "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று"ன்னு அவரே எழுதுதாரு. அதே அதிகாரத்துலதான் லூக்கா மட்டும்தான் என்கூட இருக்கான், நீ சீக்கிரம் வா, துரோவா பட்டணத்துல கார்ப்புங்கிறவன் வீட்டுல விட்டுட்டு வந்த மேலங்கியை எடுத்துட்டு வா, மாரிகாலத்துக்கு முன்னாடி வந்துருன்னும் எழுதுதாரு. பவுலுக்கே ஆள் வேணும், போர்வை வேணும். நம்ம என்ன அவரை விட பெரிய விசுவாசியா?

இதைப் படிச்ச தைரியத்துல வெக்கத்தை விட்டு எங்க ஐயர்ட்ட (பாதிரியாரை நாங்க இங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) போய்க் கேட்டேன், ஞாயித்துக்கிழமை ஆள் இருக்கு, அசனத்தன்னைக்கு (சபை விருந்து) ஊரே பந்தியில இருக்கு, மத்த நாள் சாயங்காலம் நாலு மணியைத்தான் தள்ள முடியல, கண்ணு ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து வேற தெரியலன்னு. அவரு பிரசங்கம் பண்ணல, வாலிபர் சங்கத்துல இருந்து ப்ளஸ் டூ படிக்குற பையன் ஒருத்தனை அனுப்பி வச்சாரு. செவ்வாய்க்கிழமை தவறாம வருவான், ஒரு அதிகாரம் வாசிப்பான், காப்பி குடிப்பான், அரை மணி நேரம் கிரிக்கெட் பேசுவான். அந்த ஒரு நாள் குக்கர்ல ஒரு டம்ளர் போடுதேன், சாப்பிட்டுட்டுத்தான் போவான். எல்லா சபையிலயும் இப்படி ஒருத்தரை அனுப்பலாம், கோயில்காரங்களும் பள்ளிவாசல்காரங்களும் கூடச் செய்யலாம், பெருசா செலவு ஒண்ணும் இல்ல.

போன வாரம் அந்தப் பவுல் அதிகாரத்தையே வாசிக்கச் சொன்னேன். மேலங்கியோட எடுத்துட்டு வரச் சொன்ன தோற்சுருள்னா என்னன்னு கேட்டான், தோல்ல எழுதிச் சுருட்டி வைக்குற புஸ்தகம்னு சொன்னேன். முடிச்சுட்டு "தாத்தா, தீமோத்தேயு வந்தாரா?"ன்னான். அது பைபிள்ல போடலடேன்னேன். அவனுக்கு அது பிடிக்கல, மேலங்கியாவது போய்ச் சேந்துச்சான்னு கேக்கான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை