மாநாட்டுக்குச் சம்மதிக்கும் முன் விதிகளைக் கேளுங்கள்

அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம். அதிபர் தேர்தல் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் தூங்குவதே இல்லை. ஆனால் மாநிலச் சட்டமன்றத்தில் நம் தொகுதி உறுப்பினர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது. மாநாடு ஒன்றைக் கூட்டச் சொல்லி இந்த நாட்டின் அரசியலமைப்பையே மாற்றத் தொடங்கும் அதிகாரம் அவர்களுக்கு இருப்பதை அறிந்த பிறகுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. அங்கே 368ஆம் பிரிவின்படி திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில்தான் கொண்டுவர முடியும். சில திருத்தங்களுக்கு மட்டும் பாதி மாநிலங்களின் ஒப்புதல் தேவை. இங்கே அப்படியில்லை. 34 மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால், இங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ், திருத்தங்களை முன்மொழியும் மாநாடு ஒன்றைக் கூட்டியே ஆக வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு. மாநாடு முன்மொழிவதை 38 மாநிலங்கள் ஏற்றால் அது திருத்தமாகிவிடும்.

1787இல் பிலடெல்பியாவில் இந்த அரசியலமைப்பை எழுதியபோது, அங்கே கூடிய பிரதிநிதிகளில் ஒருவரான ஜார்ஜ் மேசன் வற்புறுத்தியதால் வந்த வழி இது. மத்திய அரசே அத்துமீறினால், திருத்தத்தை அதுவே முன்மொழியுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி, இந்த வழியை மூட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். இதுவரை வந்த 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவைதான். ஆனாலும் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த 1913 திருத்தம் வந்ததற்கு, மாநாடு கேட்டு மாநிலங்கள் கொடுத்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம்.

இன்று மத்திய அரசின் செலவுக்கும் அதிகாரத்துக்கும் வரம்பு, பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும், அதற்காக மாநாட்டைக் கூட்ட வேண்டும் என்று கேட்டு ஒரு இயக்கம் நடக்கிறது. 2022க்குள் 19 மாநிலங்கள் அதன் தீர்மானத்தை நிறைவேற்றின. நான் வசிக்கும் டெக்சாஸ் 2017இலேயே நிறைவேற்றியது. மறுபக்கம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக கலிபோர்னியா 2023இல் மாநாடு கேட்டது. ஆக, இது ஒரு கட்சியின் விவகாரம் இல்லை.

என் கவலை வேறு. மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை யார் அனுப்புவது, வாக்குகளை எப்படி எண்ணுவது, கேட்ட பொருளைத் தாண்டிப் பேசினால் யார் தடுப்பது, எதற்கும் ஐந்தாம் பிரிவில் பதில் இல்லை. கலிபோர்னியாவில் ஏறக்குறைய 4 கோடிப் பேர். வயோமிங்கில் 6 லட்சம்கூட இல்லை. இரண்டு மாநிலங்களுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கா? 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்களும், அப்போதிருந்த சாசனத்தைச் சீர்திருத்தத்தான் போனார்கள். புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார்கள். பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியையும் ஒன்பது போதும் என்று மாற்றினார்கள்.

38 மாநிலங்கள் ஒப்ப வேண்டுமே, அது போதாதா என்பார்கள். சரி, அது பெரிய காவல்தான். ஆனால் இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை தருவது 1868இல் வந்த 14ஆம் திருத்தம். அதைத் தொடக்கூடிய ஒரு அவைக்கு, விதி எழுதாமலே ஆள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். மாநாட்டுத் தீர்மானம் வந்தால் எப்படி வாக்களிப்பார் என்று கேளுங்கள். அப்புறம், மாநாட்டுக்குப் போகும் நம் மாநிலப் பிரதிநிதிகள், தங்களுக்குக் கொடுத்த பொருளைத் தாண்டினால் அவர்களைத் திரும்ப அழைக்கச் சட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், முதலில் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டெக்சாஸிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்