குளக்கரை ஓரம் பத்தடி

கம்மிங், ஜார்ஜியா
செப்டம்பர் 14

அன்புள்ள நடராஜா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இடையில் இரண்டு முறை போனில் பேசியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நீயும் சேர்க்க மாட்டாய். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பள்ளி இறுதி ஆண்டுக்கு வந்துவிட்டாள். பஞ்சாமிர்தம் கனடாவிலிருந்து கூப்பிட்டு அரை மணி நேரம் உன்னைப் பற்றியே பேசினான். கயிற்றுக் கட்டில் விவகாரத்தை அவன் இன்னும் மறக்கவில்லை. நீ தர வேண்டிய நாற்பது ரூபாயையும் மறக்கவில்லை.

நீ போன வாரம் அனுப்பிய படம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் புல்வெட்டும் இயந்திரம் வாங்கிய கதையை நீ முழுதாகக் கேட்க வேண்டும். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நாங்கள் குடிவந்த இடம் ஒன்றரை ஏக்கர். உன் கணக்கில் நாலரை மா. வீடு, கார்ப் பாதை, மரங்கள் எல்லாம் போக 110 சென்ட் வெறும் புல்வெளி. என்ன புல் தெரியுமா? அறுகு. நீ வரப்பிலிருந்து வேரோடு பிடுங்கி எறிகிறாயே, அதே அறுகம்புல்தான். இங்கே அதற்குப் பெர்முடா என்று பெயர். இந்த மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து உருவாக்கிய 'டிஃப்வே' ரகம் 1960-இல் வெளிவந்தது. விளையாட்டு மைதானங்களில் பார்த்தால் பச்சைக் கம்பளம் போலக் கிடக்கும். எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண அறுகுதான். பிள்ளையார் சதுர்த்தியன்று காலையில் இவள் தாம்பாளத்தோடு போய் வேண்டிய அளவு பறித்துக்கொண்டு வருவாள். அவள் பறித்து முடிக்கும் வரை நான் வண்டியை எடுக்கக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

அறுகு வெயிலைக் குடித்து வளரும் புல். மே முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறையாவது வெட்டியாக வேண்டும். ஒரு வாரம் விட்டுப் பிடித்தால் உயரம் ஏறிவிடும். ஒரே மூச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் வெளுத்துவிடும். முதல் இரண்டு வருடம் 21 அங்குல அகலம் வெட்டுகிற, கையால் தள்ளும் இயந்திரத்தை வைத்துச் சமாளித்தேன். ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வரிசை போட்டால், 110 சென்ட்டை வெட்டி முடிக்க ஏறத்தாழ ஆறு மைல் நடக்க வேண்டும். பத்து கிலோமீட்டர்! ஜூலை வெயிலில் மூன்று மணி நேரம். டிராக்டர் இருக்கையை விட்டு இறங்காத மன்னார்குடி மிராசுக்கு இது எங்கே புரியப் போகிறது? போன வருடம் முழங்கால் மறுத்துவிட்டது. ஆள் வைத்தேன். ஒரு தடவைக்கு 75 டாலர். பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது 2,000 டாலரைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் ஜீரோ டர்ன் என்கிற, உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்த வண்டியை உனக்கு விளக்குவது சுலபம். இதற்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு நீளமான கைப்பிடிகள். இடது கைப்பிடி இடது பின்சக்கரத்துக்கு, வலது கைப்பிடி வலது பின்சக்கரத்துக்கு. இரண்டையும் முன்னால் தள்ளினால் வண்டி நேராகப் போகும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிடித்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். குறுவை அறுப்புக்கு உன் வயலில் இறங்குகிற பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் திரும்புவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே தத்துவம். முன்சக்கரங்கள் கடைத் தள்ளுவண்டிச் சக்கரம் போல இழுத்த இழுப்புக்குத் தாமாகச் சுழல்பவை. அவற்றுக்குத் திருப்பும் வேலையும் இல்லை, பிரேக்கும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்.

1960-களில் கான்சஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் என்பவர் செய்த வண்டி இது. மரங்களைச் சுற்றி மிச்சம் வைக்காமல் வெட்டுகிற அழகுக்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம். எங்கள் வீட்டில் பதினொரு மரங்கள். ஒவ்வொன்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஆறு வாரம் அலைந்தேன். பெரிய கடைகளில் வரிசையாக நிற்கும். மூவாயிரம் டாலர் சொச்சத்திலிருந்து கிடைக்கும். எல்லாவற்றிலும் குதிரைத்திறனைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஏமாற்று இல்லை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 20-க்கு மேல் எதுவானாலும் போதும். பார்க்க வேண்டியது கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக ஒரு ஹைட்ராலிக் கியர்பாக்ஸ். பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்து ஹைட்ரோ-கியர் கம்பெனி செய்தது. விலை குறைந்த வண்டிகளில் வருவது மூடி முத்திரை போட்ட வகை. எண்ணெய் மாற்ற வழி செய்யாமலே வருகிறது; சமதரையில், சின்ன இடத்தில் அது பல வருடம் உழைக்கும். அதற்கு மேல் ரகத்தில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றலாம். விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு அங்கேதான் போகிறது. மேடு பள்ளம் உள்ள இடத்தில் கியர்பாக்ஸ் சூடாகும். சூடான எண்ணெய் சத்து இழக்கும். மாற்ற முடிகிற வகையைத்தான் வாங்க வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன். அது சரியான முடிவு.

அடுத்தது டெக். பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடு. தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தது ஒரு வகை, கனத்த தகட்டை வெட்டிப் பற்றவைத்தது இன்னொரு வகை. கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறைந்தால் கனம் கூடுதல். 10 கேஜ் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர், 13 கேஜ் இரண்டே கால். எங்கள் மண்ணில் மர வேர்கள் மேலே எழும்பி நிற்கும். அதனால் பற்றவைத்ததையே எடுத்தேன். அகலம் 54 அங்குலம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கவாட்டு வேலியின் கதவை அளந்தாள். 48 அங்குலம். புல் வெளியேறும் மூக்கைத் தூக்கி மடக்கினாலும் வண்டி டெக்கை விடச் சற்று அகலமாகத்தான் இருக்கும். கடைசியில் 48 அங்குல டெக் வாங்கி, வேலித் தூணைப் பிடுங்கி நட்டுக் கதவை ஆறடி ஆக்கினோம். வண்டி வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது, முதலில் கதவை அள.

பேட்டரியில் ஓடுவதும் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அதிலிருந்து இறங்க மனமில்லாமல்தான் இறங்கினேன். ஆனால் அதே டெக் அகலத்துக்கு விலை கைக்கு எட்டவில்லை. கடைசியில் ஊருக்குள் இருக்கும் ஒரு சின்ன விற்பனையாளரிடம் வாங்கினேன். பழுது பார்க்கிற பட்டறையும் அங்கேயே இருக்கிறது. இன்ஜின் கவாசாகி, 21.5 குதிரைத்திறன். அந்தப் பெயரைப் படித்ததும் உன் கவாசாகி பஜாஜில் நாம் மூன்று பேர் நீடாமங்கலம் போனது ஞாபகம் வந்தது. விலை 5,300 டாலர், வரி தனி. நம் பணத்தில் நாலரை லட்சத்துக்கு மேல். நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. ஆள் வைத்த கூலியில் மூன்றே வருடத்தில் திரும்பிவிடும், நடராஜா. இப்போது நாற்பது நிமிடத்தில் முடிக்கிறேன். வெட்டிய புல்லின் வாசனையோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தால் உன் வீட்டு வைக்கோல் போர் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ரசீது போட்டு முடித்த பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டுக்குப் பின்னால் தரை எப்படி?" கொஞ்சம் சரிவு, கீழே மழைநீர்க் குளம் என்றேன். அவர் முகம் மாறியது. கரைக்குப் பக்கத்தில் போகாதே என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு வாரம் இரும்பையும் எண்ணெயையும் பற்றி அத்தனை விசாரித்த நான், என் சொந்தத் தரையை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. சார்லட்டிலிருந்து மச்சினி குடும்பம் வந்திருந்தது. அவள் மகனுக்கு ஆறு வயது. நான் வெட்டுகிற நேரமெல்லாம் வராந்தாவில் நின்று, "பெரியப்பா, என்னையும் ஏற்றிக்கொள்" என்று கத்திக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசிச் சுற்று என்பது குளக்கரை. அதற்குள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மதியம் பெய்த மழையில் புல் முழுதும் காயவில்லை. கரை இறக்கத்தில் வண்டி குளத்தைப் பார்த்துத் திரும்பிய நொடியில் பின்சக்கரம் பிடியை விட்டது. கைப்பிடிகளைப் பின்னால் இழுத்தேன். சக்கரங்கள் பின்னோக்கிச் சுழன்றன, வண்டி முன்னோக்கிச் சறுக்கியது. இறக்கத்தில் பாரம் முன்னால் போய்விடுகிறது. பின்சக்கரத்துக்கு மண்ணைப் பிடிக்கக் கனம் இல்லை. இந்த வண்டியில் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த இரண்டு சக்கரங்கள்தான். அவை விட்டால் எதுவுமே இல்லை. கரையில் நின்ற பிர்ச் மரம் ஒன்றில் முன்பக்கம் மோதி நின்றது. தண்ணீருக்கு நாலடி இருந்தது. என் வண்டியில் கவிழ்ந்தால் தாங்குகிற வளைவுக் கம்பி கிடையாது. முந்நூறு கிலோவுக்கு மேல் எடை, கீழே பிளேடுகள், மேலே நான்.

இன்ஜினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே அந்தப் பையன் சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஒரு நீளப் பலகையைத் தரையில் கிடத்தி, போனை அதன் மேல் வைத்துச் சரிவை அளந்தேன். கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்று போட்டிருக்கிறது. அதாவது நூறு அடி போனால் இருபத்தேழு அடி இறங்குகிற சரிவு. மேல் பக்கம் 8, நடுவில் 11. கரையில் 19. பலகையோடு பத்து நிமிடம் நடந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இப்போது குளக்கரை ஓரம் பத்தடியை வெட்டுவதே இல்லை. அங்கே புல் இடுப்பளவு வளர்ந்து தட்டான்கள் உட்காருகின்றன. அக்கம்பக்கத்தில் யார் இந்த வண்டி வாங்கப் போவதாகச் சொன்னாலும் முதலில் பலகையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.

அன்றிரவு உன் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். நான் உங்கள் பவர் டில்லரை, அந்த இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, வாய்க்காலில் இறக்கிய நாள். சமதரையில் இடது கிளட்ச்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும் என்று நீ சொல்லிக் கொடுத்தாய். கரையிலிருந்து இறங்கும்போது அதையே பிடித்தேன். வண்டி வலது பக்கம் போனது. கிளட்ச்சைப் பிடித்ததும் இன்ஜின் பிடியிலிருந்து விடுபட்ட சக்கரம் இறக்கத்தில் முந்திக்கொண்டு ஓடும் என்பது நம் இருவருக்கும் தெரியாது. அப்பா திட்டவே இல்லை. சேற்றில் இறங்கி என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இறக்கத்தில் வண்டிக்கு வேறு புத்தி" என்றார். அதைக் கேட்டும் இருபத்தெட்டு வருடம் கழித்து அதே தவறைச் செய்தேன்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். சேற்றுழவு. டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம் சுழல்கிறது, பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், மட்கார்டு மேல் உன் தம்பி மகன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். அழகான படம். நீ எவ்வளவு பெருமையாக ஓட்டுகிறாய் என்பது முதுகிலேயே தெரிகிறது. அதை நான் நாலு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நாமும் அப்படி உட்கார்ந்து போனவர்கள்தானே என்பாய். ஆமாம், போனோம். அவனை இறக்கிவிடு. உழவு முடியட்டும், டிராக்டரை நிறுத்து, சாவியை எடு, அப்புறம் இருக்கையில் உட்கார வைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடு. அவன் அழுதால் என் மேல் பழியைப் போடு. அமெரிக்கப் பெரியப்பா ஒரு பெரிய சைக்கிள் வாங்கித் தருவார் என்று சொல், வாங்கித் தருகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவனை இறக்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது.

டிசம்பர் 20 அன்று திருச்சியில் இறங்குகிறோம். பவர் டில்லரை விற்கப் போவதாகப் பஞ்சாமிர்தம் சொன்னான். நான் வரும் வரை விற்காதே.

அன்புடன்,
உன் வாசு