அம்மா எண்ணுற கியர்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

மச்சான் குகன்,

மூண்டு மாசமாப் பதில் போடேல்லை. திட்டுறதெண்டால் இதை வாசிச்சு முடிச்சுப்போட்டுத் திட்டு. எல்லாரும் சுகம். சின்னவள் ஏ.எல். சோதினை எழுதிப்போட்டாள். கட்டையன் இன்னும் அந்தக் காசைத் தரேல்லை, நீயும் கேக்காதை. மிச்சப் புதினமெல்லாம் ஜீப்தான்.

சிரிக்காதை. அதே 1997ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோதான், ஓட்டோ கியர். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், 2025இல திறந்துவிட்டாங்கள். வரியோட விலையைக் கேட்டால் தலை சுத்துது. அதால மாத்துற யோசினை இல்லை. ஆனால் கியர் மாறுற ஒவ்வொரு தரமும் ஒரு இடி. அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சதெல்லே, கிளினிக்குக்குக் கொண்டு போகேக்க பின் சீற்றில இருந்து எண்ணுவா. "ஒண்டு... ரெண்டு..." நோகுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லமாட்டா, எண்ணுவா. அதைத்தான் என்னால தாங்கேலாமல் போச்சு.

ஒரு கராஜில காட்டினன். பொனட்டைக்கூடத் திறக்காமல், "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, திருத்தின ரீகண்டிஷன் ஒண்டு வாங்கிப் போடுங்கோ" எண்டார். அவர் சொன்ன விலைக்கு அந்தக் காலத்தில ஒரு குமரைக் கரைசேர்த்திருக்கலாம். சண்டைக்காலத்தில மண்ணெண்ணெயில ஒஸ்டின் கார் ஓட்டின எங்களுக்கே கதை விடுறார்!

முதல்ல கியர்பொக்ஸ் ஒயில் பாத்தன். எஞ்சினைச் சூடாக்கி, எல்லாக் கியருக்கும் ஒருக்காத் தட்டி, திரும்ப பார்க்கிங், அதுதான் பி-யில விட்டு, எஞ்சின் ஓட ஓட ஒயில் பாக்கிற கம்பியை, டிப்ஸ்டிக்கை உருவினன். சிவப்பா இருக்கவேண்டியது பிளேன்ரீ நிறம். கருகின மணம் இல்லை, அது ஒரு நிம்மதி. வடிச்சால் முழுக்க வராது மச்சான், பாதிக்குமேல எஞ்சின்ர சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துற டோர்க் கொன்வேட்டருக்குள்ளயும் மற்ற இடங்களிலயும் நிண்டிடும். அதால வடிச்சு, நிரப்பி, ரெண்டு கிழமை ஓடி, திரும்ப வடிச்சன். கியர்பொக்ஸின்ர அடிச் சட்டியைக் கழட்டினால் அதுக்குள்ள இருக்கிற காந்தத்தில சாம்பல் களி மாதிரி மெல்லிசாப் படிஞ்சிருந்தது. அது வழமையான தேய்மானம். இரும்புத் துண்டுகள் கிடந்திருந்தால் கராஜ்காரரிட்டை மன்னிப்புக் கேட்டிருப்பன்.

இடி கொஞ்சம் குறைஞ்சுது, போகேல்லை. அப்பதான் கேபிள் ஞாபகம் வந்தது. அக்சிலேற்றரோட சேர்ந்து கியர்பொக்ஸுக்குப் போற கேபிள். எப்ப கியர் மாத்துறதெண்டு கொம்பியூட்டர் சொல்லும்; உள்ள இருக்கிற கிளச்சுகளை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறதெண்டதை இந்தக் கேபிள்தான் சொல்லும். எஞ்சினை நிப்பாட்டி, உள்ள குனிஞ்சு பாத்தன். உறை முனைக்கும் கேபிளில இருக்கிற குமிழுக்கும் இடையில 0 தொடக்கம் 1 மில்லிமீற்றர்தான் இருக்கோணும். என்ரையில சின்ன விரல் போகும்! முந்தி வைச்சிருந்தவன் ஆரோ, நல்லா இழுக்கட்டுமெண்டு இறுக்கிவிட்டிருக்கிறான். ரெண்டு நட்டு, பத்து நிமிச வேலை. கூடத் தளர்த்திப்போடாதை, அழுத்தம் காணாமல் கிளச்சுகள் வழுக்கி எரிஞ்சுபோம்.

நிண்டு எடுக்கேக்க வந்த 'டொக்' சத்தம் கியர்பொக்ஸே இல்லை. சில்லுப் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோற புரொப்பெல்லர் ஷாஃப்ற்றின்ர ஸ்பிளைன், அந்தப் பல்லு வைச்ச வழுக்கு இணைப்பு, காய்ஞ்சு கிடந்தது. பண்ணைக் கடல் உப்புக்காத்தில ஓடுற சாமானுக்கு ஆர் கிறீஸ் அடிச்சது? நான்தான் அடிக்கேல்லை. ரெண்டு வருசமா அம்மா எண்ணினதுக்கு என்ர சோம்பல்தான் காரணம் எண்டு நினைக்க, அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை.

போன வியாழன் கிளினிக். காங்கேசன்துறை றோட்டில ஏறினன். "ஒண்டு" எண்டா. பிறகு சத்தமில்லை. தட்டாதெருச் சந்தி கழியக் கேட்டா, "தம்பி, கியர் போடாமலே ஓடுறாய்?"

விடியக்காலமைக் குளிருக்கு ரெண்டில இருந்து மூண்டுக்குப் போகேக்க இன்னும் ஒரு சின்னத் தள்ளு இருக்கு. இன்னொருக்கா ஒயில் மாத்தோணும். நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறாய்தானே? முன் சீற்று உனக்கு, பின் சீற்று அவவுக்கு.

உன்ர,
ரவி