தாண்டிக்குடி நண்பனுக்கு, வின்ச் வாங்குறது பத்தி

டேய் முருகேசா,

எப்படிடா இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உன் மெசேஜ் வந்து நாளாச்சு, பேராவூரணி பக்கம் காய் வெட்டு நடந்துக்கிட்டு இருந்ததால உட்கார்ந்து எழுத முடியல. பெரியவளுக்கு கும்பகோணத்துல வேலை கிடைச்சிருச்சு. அம்மாவுக்குத்தான் முட்டி வலி விட்டபாடில்ல.

சரி, உன் விஷயம். காபி பறிப்பு முடிஞ்சதும் நிழலுக்கு நிக்குற சில்வர் ஓக் மரங்களைச் சாய்க்கணும், ரெண்டு மரம் வீட்டுப் பக்கமா சாஞ்சு நிக்குது, வடம் கட்டி இழுக்குற வின்ச் மிஷின் எத்தனை டன்ல வாங்கலாம்னு கேட்டிருந்த. டன் கிடக்கட்டும், அதை வச்சு மரத்தைச் சாய்க்கப் போறியா, வெட்டின தடியை இழுக்கப் போறியா, அதை முதல்ல சொல்லு. ரெண்டுக்கும் வேற வேற சாமான்டா.

நீ வீடியோ அனுப்பின அந்த கனடா பெட்ரோல் வின்ச் நல்ல சாமான்தான். 50 சிசி ஹோண்டா இன்ஜின், மொத்தமே 16 கிலோ, ஒரு ஆள் தூக்கிட்டுப் போயிரலாம், 1000 கிலோ வரைக்கும் இழுக்கும். அதுல கயிறு உருளையில தங்காது, மூணு நாலு சுத்து போட்டு வால் பக்கத்தை நீ கையில பிடிச்சு வாங்கிக்கிட்டே இருக்கணும், அதனால கயிறு எவ்வளவு நீளமா இருந்தாலும் பிரச்சினை இல்ல, பள்ளத்துல கிடக்குற தடியை ரோட்டுக்கு ஏத்த பிரமாதம். ஆனா நீட்சி கம்மியான பாலியஸ்டர் கயிறுதான் போடணும், பிளாஸ்டிக் கயிறு போட்டா உருளை சூட்டுல உருகும், நைலான் போட்டா நீண்டு நீண்டு அறுந்தா திரும்பி வந்து ஆளை அடிக்கும். வருஷம் பூரா தடி இழுக்குறவனுக்கு இது சரி, உனக்கு எதுக்கு?

மரம் சாய்க்க நான் டிர்ஃபர்ங்கிற கை வின்ச்சைத்தான் சொல்லுவேன். லீவரை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட உள்ள இருக்குற ரெண்டு தாடை மாத்தி மாத்தி கம்பி வடத்தைக் கவ்வி இழுக்கும், கையை எடுத்தா அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கும், தளர்த்த தனி லீவர் இருக்கு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ இங்க கூரை மேல சாஞ்ச தென்னையை எல்லாம் இதை வச்சுத்தான் தூக்கி எடுத்தோம், கொஞ்சம் இழுத்துட்டு நின்னு பாத்துட்டு மறுபடி இழுக்கலாம், அந்த நிதானம் பெட்ரோல் மிஷின்ல வராது. 1.6 டன் சைஸ் போதும். வடம் தனி கனம், அதுக்கும் ஒரு ஆள் வச்சுக்கோ. லோடு அதிகமானா லீவர்ல ஒரு சின்ன பின் உடையும், அது உடையறதுக்குன்னே வச்சது, எவனாவது அதுக்குப் பதிலா ஆணியை அடிச்சா மிஷினை விட்டு விரட்டு.

பத்தலைன்னா பெரிய மிஷின் தேடாத, ஒரு கப்பி வாங்கு. வடத்தோட நுனியை மிஷின் பக்கம் ஒரு மரத்துல கட்டிட்டு, கப்பியை சாய்க்கிற மரத்துல மாட்டி வடத்தைத் திருப்பிக் கொண்டாந்தா இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வேகம் பாதி. அதே கப்பியை பக்கத்து மரத்துல மாட்டி வடத்தைத் திருப்பினா நீ மரம் விழுற வழியை விட்டு ஒதுங்கி நிக்கலாம், எனக்கு அதுதான் பெரிய லாபமா தெரியுது. ஆனா கப்பி கட்டின மரத்துக்கு லோடு ஏறும், நல்ல தடிச்ச மரமா பாரு, சங்கிலி போட்டு பட்டையை உரிக்காம அகலமான பெல்ட் போடு. வடம் மடங்குற உள்பக்கம் யாரும் நிக்கக் கூடாது.

கட்டுறது உயரத்துல மூணுல ரெண்டு பங்கு இருந்தா நல்லது, ஆனா சில்வர் ஓக் கிளை படக்குனு ஒடியும், அதனால நடுத்தண்டுலயே கட்டு. அறுக்குறதுக்கு முன்னாடியே முறுக்கி இழுத்து வைக்காத, தண்டு மேல வரைக்கும் பிளந்துரும். வடம் விறைப்பா நின்னா போதும், அறுக்குறவர் மரம் விழுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பின் வெட்டு போட்டு, நடுவுல கொஞ்சம் அறுக்காம பிடிப்பா விட்டு வச்சப்புறம் மெதுவா இழு.

கடையில 4 டன்னு முத்திரை குத்தின ராட்செட் புல்லர்னு ஒரு சின்ன கை வின்ச் காட்டுவாங்க, பாத்தா மலிவு, வடம் ரெண்டு மூணு மீட்டர்தான், மரம் சாய்ஞ்சு முடியறதுக்குள்ள தீர்ந்துரும். செயின் பிளாக் தொங்கவிட்டு தூக்குறதுக்கு, அதையும் விட்டுரு.

வீட்டுப் பக்கம் நிக்குற ரெண்டோட உயரம், சரிவு எந்தப் பக்கம், எதிர்ல கட்ட தடிச்ச மரம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்து அனுப்பு, வடம் எத்தனை மீட்டர்னு சொல்றேன். மிளகு கொடி ஏறின மரமா இருந்தா கொடியை என்ன பண்ணப் போறன்னும் எழுது.

உன்,
செல்வம்