செங்கல் வீட்டுக்கு அதன் பெயரைத் திருப்பித் தாருங்கள்

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிழக்கு லண்டனில், ஹாக்னியின் ஹோமர்ட்டன் ஹை ஸ்ட்ரீட்டில் உங்கள் பராமரிப்பில் இருக்கும் சட்டன் ஹவுஸ் பற்றி எழுதுகிறேன். வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதன் பெயரில்தான் குறை.

தாமஸ் சட்டன் அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை. 1611இல் சார்ட்டர்ஹவுஸ் அறநிலையத்தை நிறுவிய பெரும் பணக்காரர் அவர். அவர் இருந்தது பக்கத்து வீட்டில், டான் ஹவுஸ் என்று அதற்குப் பெயர். அதை இடித்து நெடுங்காலம் ஆகிறது. எப்படியோ அடுத்த வீட்டுக்காரர் பெயர் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உங்கள் வழிகாட்டிகளே சிரித்துக்கொண்டு சொல்கிற கதைதான். தெரிந்தே ஒரு தவறான பெயரை ஏன் சுமந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

1535இல் இதைக் கட்டியவர் ரால்ஃப் சாட்லர். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் வலக்கையாக இருந்த தாமஸ் கிராம்வெல்லின் வீட்டில் வளர்ந்து, அவரிடமே வேலை பார்த்து, பின்னாளில் அந்த மன்னரின் அமைச்சராக உயர்ந்தவர். வீடு கட்டும்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹாக்னி அப்போது லண்டன் மதிலுக்கு வெளியே ஒரு கிராமம். நகரத்தின் நெரிசலும் நாற்றமும் வேண்டாம், ஆனால் அரண்மனை வேலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்த அரசவைக்காரர்களும் வணிகர்களும் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் புறநகர் என்றே சொல்லலாம்.

சாட்லரின் வீட்டுக்கு அப்போது இருந்த பெயர் பிரிக் பிளேஸ். செங்கல் வீடு, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் தெரு முழுக்கக் கூரை வீடாக இருந்து ஒன்று மட்டும் மச்சாக இருந்தால், தபால்காரரில் இருந்து எல்லோருக்கும் அது 'மச்சு வீடு'தான். அங்கே யார் இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. ஹாக்னிக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று லண்டனில் செங்கல்லை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஊரே செங்கல். ஆனால் 1535இல் சுற்றியிருந்த வீடுகள் ஓக் மரச்சட்டம் நிறுத்தி, நடுவில் குச்சி பின்னி மண் பூசியவை. செங்கல் என்பது ஹாம்ப்டன் கோர்ட் மாதிரி அரண்மனைகளின் சங்கதி. ஓர் இளம் அதிகாரி தன் கிராமத்து வீட்டை அதில் கட்டினால், 'நான் யாருடைய ஆள் தெரியுமா' என்று தெருவைப் பார்த்துச் சொல்வதாகத்தான் அர்த்தம். கட்டியவர் சும்மாவும் அடுக்கவில்லை. சூளையில் அதிகம் வெந்து கருத்த கற்களைத் தனியே எடுத்து, சிவப்புச் சுவரின் நடுவே சாய்சதுரக் கோலமாக வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், தெருவில் நின்று பார்ப்பவருக்கு இது எதுவும் பிடிபடாது. நடுவில் கூடமும் இரண்டு பக்கமும் சிறகுகளுமாக, ஆங்கில எழுத்து 'எச்' போன்ற அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் முகப்பின் முக்கோண உச்சிகளை எடுத்துவிட்டார்கள். சாட்லர் காலத்து டியூடர் பாணி ஜன்னல்கள் போய், மேலும் கீழும் நகர்த்தும், 18ஆம் நூற்றாண்டு ஜார்ஜியன் பாணி ஜன்னல்கள் வந்துவிட்டன. அதே நூற்றாண்டில் வீட்டையே இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே குடியிருந்தார்கள். முகம் மாறிப்போன வீட்டுக்குப் பெயராவது உண்மையைச் சொல்ல வேண்டாமா?

உள்ளே போனால் பழைய வீட்டை நீங்களே மறைத்து வைக்காமல் காட்டுகிறீர்கள். முன்னறையில், மடித்து வைத்த துணி போலச் செதுக்கிய ஓக் பலகைகள் சுவர் முழுக்க. 1550இல் சாட்லரிடமிருந்து வீட்டை வாங்கியவர் ஜான் மேச்சல் என்ற துணி வியாபாரி என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பை வரவழைக்கும். அவருக்கு அந்த அறை பிடித்திருக்கும்! சில பலகைகளுக்குக் கீல் வைத்து, திறந்தால் பின்னால் இருப்பது தெரியும்படி செய்திருக்கிறீர்கள். நான் போகும்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான்.

1938இல் நீங்கள் வாங்கிய பிறகும் இந்த வீடு பல பெயர் பார்த்துவிட்டது. தொழிற்சங்க அலுவலகமாக இருந்தது. 1980களில் ஆளில்லாமல் கிடந்தபோது இளைஞர்கள் உள்ளே புகுந்து குடியேறி, 'புளூ ஹவுஸ்' என்று பெயர் வைத்துப் பாட்டுக் கச்சேரி நடத்தினார்கள். அவர்கள் வரைந்த சுவரை நீங்கள் வெள்ளையடிக்கவில்லை. நல்ல காரியம். பக்கத்துக் காலி இடத்தில் பழைய கார்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தோட்டமாக்கியபோது 'பிரேக்கர்ஸ் யார்டு' என்ற பெயரையே வைத்தீர்கள். அதுவும் நல்ல காரியம். கார் உடைத்தவர்களுக்கும் பூட்டை உடைத்தவர்களுக்கும் இடம் கொடுத்த நீங்கள், செங்கல்லுக்கு மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்?

பழகிய பெயரை மாற்றினால் குழப்பம் வரும் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். வரைபடம், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பதிவேடு, அக்கம்பக்கத்தார் வாய் என எல்லாவற்றிலும் சட்டன்தான். இதை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றும் யோசனை வந்தபோது எதிர்த்து நின்று காப்பாற்றிய உள்ளூர்க்காரர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் போராடினார்கள். அதை அழிக்கச் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் 'பிரிக் பிளேஸ், 1535', அதன் கீழே சிறிய எழுத்தில் 'சட்டன் ஹவுஸ்' என்று எழுதுங்கள். கூடவே, மிச்சமிருக்கும் அந்தக் கருத்த செங்கல் கோலம் எங்கே தெரிகிறது என்று வாசலிலேயே ஒரு அம்புக்குறி போடுங்கள்.

அவசரம் ஒன்றும் இல்லை. பெயர்ப்பலகைக்கு அடுத்த முறை வண்ணம் பூசும்போது செய்தால் போதும்.

இப்படிக்கு,
அந்த வழியே அடிக்கடி நடந்துபோகும் ஒருவன்